பிரேக் பிடித்த தடம் இல்லை

ஏற்காடு
5.8.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்கினால் நீயும் திருப்பிக் கேட்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடைய சைக்கிளை இன்று காலை பார்சல் லாரியில் ஏற்றிவிட்டேன். சாக்கு சுற்றிக் கட்டியிருக்கிறது. இரண்டு மூன்று நாளில் விருத்தாசலம் வந்துவிடும் என்றார்கள். ரசீது இந்தக் கவருக்குள் இருக்கிறது. வழக்கம்போல எங்கேயாவது சொருகிவிட்டுத் தேடாதே.

அவர் போய் ஐந்தரை மாதம் ஆகிறது. போலீஸ்காரர்கள் சைக்கிளைத் திருப்பித் தந்து நாலு மாதம். அன்றிலிருந்து வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா தொங்கினால் பரவாயில்லை. பின்சக்கரம் தானாகச் சுற்றுகிறது அண்ணே. அவர் மேட்டில் மிதிப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கு உருண்டு வரும்போது ‘டிக், டிக், டிக்’ என்று கேட்குமே, அதே சத்தம். பட்டப்பகலில், நான் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது கேட்கும். சோப்புக் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடுவேன். போனபிறகுதான் ஞாபகம் வரும்.

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதே. பக்கத்து வீட்டு நீலாவதிக்கும் கேட்கிறது. போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “டீச்சர், சார் வந்துட்டாரா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் இதை வீட்டைவிட்டு அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. போலீஸ்காரர் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது. மலைப்பாதையின் பதினோராம் வளைவில் பிரேக் பிடித்த தடம் இல்லை.’ இரண்டே வரி. மூன்று பேர் என் கண்முன்னால் பிடித்துப் பார்த்தார்கள். நானும் பிடித்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே வந்திருந்தபோது நீதான் அந்த பிரேக்கை மாட்டிக் கொடுத்தாய். அதனால் உன்னைத்தான் கேட்க வேண்டும். பிரித்துப் பார். அவர் நிறுத்த வேண்டும் என்று நினைத்திருந்தால் அன்றைக்கு அந்தச் சைக்கிளை நிறுத்தியிருக்க முடியுமா, முடியாதா? இதை மட்டும் எழுது. ஆறுதல் எழுதாதே, அது இங்கே நிறைய கிடைக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு போன் செய்யாதே. ஆபீஸ் அறையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் பேச முடியாது.

தங்கை,
ஃப்ளோரா


விருத்தாசலம்
16.8.2002

அன்புள்ள தங்கச்சி ஃப்ளோராவுக்கு அண்ணன் ஜெரோம் எழுதுவது.

சைக்கிள் வந்து சேர்ந்தது. ரசீதையும் தொலைக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் டீச்சர் கேட்கிற கேள்வி போல இருந்தது உன் கடிதம். படித்துவிட்டு ரெண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

முதலில் அந்தச் சத்தம். அது பேயுமில்லை பிசாசுமில்லை. சக்கரத்தில் காற்றடிக்கிற வால்வு இருக்கிறதல்லவா, அந்த இடம் கொஞ்சம் கனம். ஆணியில் தொங்கும்போது காற்றடித்தால் அந்தக் கனம் கீழே வரப் பார்க்கும், சக்கரம் ஆடும், ஃப்ரீவீல் டிக் டிக் என்னும். எந்தச் சைக்கிளைத் தொங்கவிட்டாலும் அப்படித்தான். நீலாவதியிடமும் சொல்.

முன்சக்கரம் கோட்டமாகிவிட்டது, கோட்டத்தை எடுத்துவிடலாம். ஆறு கம்பி போயிருக்கிறது. செயின் துருப்பிடித்துக் கிடக்கிறது. நம் ஊர்ச் செயின் அகலம், இதன் கியர்ப் பல்லில் உட்காராது. பாண்டிச்சேரியில்தான் வாங்க வேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது இதை மாப்பிள்ளைக்குக் கொடுக்காமல் தன்னோடு கொண்டுபோயிருக்கலாம். சரி, அதை விடு.

பிரேக் விஷயம். இருபத்தி ரெண்டு வருஷமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் பாதிப் பேருடைய சைக்கிள் என் கையில்தான் நடக்கிறது. செயினில் வெள்ளை மண் அப்பிக்கொண்டு வருவார்கள், கழுவிக் கழுவி என் கையும் வெளுத்துப்போயிருக்கிறது. ஒருத்தனாவது ஜெரோம் மாட்டின பிரேக் நிற்கவில்லை என்று திரும்பி வந்ததில்லை. பழைய பிரேக் பிடி விரிசல் விட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு நல்ல வெளிநாட்டுப் பிடி ஒரு ஜோடி பாண்டிச்சேரியிலிருந்து வாங்கிவந்து போட்டேன். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் கட்டை புதுசு, ஒயர் புதுசு. மாப்பிள்ளையே கடை வாசலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கல்லு மாதிரி இருக்குது மச்சான்” என்றார். நேற்றும் பிடித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

உன் மாமியார் உபகாரமேரி அத்தை வந்துபோனார்கள். பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டார்கள் போல, கையெல்லாம் வெள்ளை மண். சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கைத்தடம் அப்படியே சீட்டில் இருக்கிறது. துடைக்க மனசு வரவில்லை.

அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. நம் வூட்டில் உனக்கு இடமில்லையா?

உன் அண்ணன்,
ஜெரோம்


ஏற்காடு
24.8.2002

அண்ணனுக்கு,

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. நன்றி. கேட்டதற்கு நேராகப் பதில் எழுதினாய்.

அப்படியென்றால் அவர் நிறுத்த நினைக்கவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். குழந்தை விஷயமாகச் சேலத்தில் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிப்ரவரியில் எல்லா டெஸ்ட்டும் முடிந்து, குறை அவரிடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து சாப்பிட்டால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை, இருபத்தோராம் தேதி, மறுபடி டாக்டரைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நான் லீவு போட்டு, புடவை கட்டி நிற்கிறேன். இவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார். “நீ மட்டும் போய்ட்டு வா ஃப்ளோரா. எனக்கு மனசு சரியில்ல. அடிவாரம் வரைக்கும் எறங்கிப் பாத்துட்டு பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வந்துடறேன்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒங்களால ஆவாதது ஒண்ணா ரெண்டா? நீங்களும் ஒங்க சைக்கிளும் எங்கயாவது போய்த் தொலைங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். பம்பை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அரைமணி நேரத்தில் பதினோராம் வளைவு.

அந்த வளைவுக்கு மேலே தோட்டத்தில் வேலை செய்யும் வீராயி என்கிற அம்மாள் பார்த்திருக்கிறாள். வேகமாக வந்தார், கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, நேராகப் பள்ளத்துக்குள் போனார் என்று போலீஸில் சொன்னாள். வளைவின் ஓரம் முழுக்கச் சரளை மண். சக்கரம் இழுபட்ட ஒரு கோடுகூட இல்லை. நானே போய் குனிந்து பார்த்தேன்.

இனி நீ சொல். பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது. மனுஷன் கத்தவில்லை. தடம் இல்லை. காலையில் பெண்டாட்டி போய்த் தொலை என்று சொல்லியிருக்கிறாள்.

கோயிலுக்குப் போகிறேன், முட்டி போடுகிறேன். ‘மரித்த விசுவாசிகளுக்காக’ என்று சாமியார் தொடங்கும்போது எனக்கு வாய் திறக்க மாட்டேன் என்கிறது. அவருக்காக மன்றாடுவதா, அவரிடம் சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தைக்காக இப்படிச் செய்வாரா? செய்திருந்தால், இனி என் காலம் முழுக்க அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவது?

வூட்டுக்கு வா என்கிறாய். அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஃப்ளோரா


விருத்தாசலம்
2.9.2002

ஃப்ளோராம்மா,

நீ அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆள் இல்லை. உன் ஒரு வார்த்தைக்குச் சாகிற ஆளாக இருந்தால் கல்யாணமான மாசமே போயிருப்பார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சிரிக்க வைக்கலாம் என்று எழுதினேன், எழுதிய பிறகு அது சிரிப்பாக இல்லை.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதவேண்டியது எதுவோ அது வரமாட்டேன் என்கிறது.

ஒன்று சொல்கிறேன். சக்கரம் சுற்றுவது வால்வு கனத்தால் என்று எழுதினேன் அல்லவா. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் யாரும் இல்லை. நான் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடுகிறேன், டிக் டிக் என்கிறது. எழுந்துபோய் டயரையும் டியூபையும் கழற்றிவிட்டேன். இப்போது வால்வும் இல்லை, ஒரு கனமும் இல்லை, வெறும் ரிம். வந்து உட்கார்ந்தேன். மறுபடி டிக், டிக். நான் சைக்கிள் பக்கம் பார்க்கவே இல்லை. பிரேக் பிடியைத் தொட்டால் இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுக் கையெடுத்த மாதிரி சுடுகிறது. வெயில்தான், வேறென்ன. மேற்கு வெயில் அந்த மூலைக்கு வராது என்பது வேறு விஷயம்.

நீ எனக்கு ஒரு உதவி செய். அந்த வீராயி அம்மாளைப் போய்ப் பார். மாப்பிள்ளையின் கை எப்படி இருந்தது என்று கேள். விரல் எங்கே இருந்தது, சும்மா பிடித்திருந்தாரா, இறுக்கியிருந்தாரா. அவர்கள் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுது.

எதற்கு என்று கேட்காதே.

ஜெரோம்


ஏற்காடு
10.9.2002

அண்ணனுக்கு,

கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருந்துவிடுவேனா? சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒன்றை மறைக்கத் தெரியாது. மறைக்கும்போது ‘ஃப்ளோராம்மா’ என்று கூப்பிடுவாய். என்ன அது?

இருந்தாலும் போனேன். ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறி பதினோராம் வளைவில் இறங்கினேன். கண்டக்டர், “இங்க ஏம்மா எறங்குறீங்க?” என்று கேட்டார். வீராயியின் வீடு வளைவுக்கு மேலே ஒரு பாறைக்குப் பின்னால். டீ போட்டுக் கொடுத்தாள். அவள் சொன்னது அப்படியே:

“அந்த சார் ரெண்டு கையாலயும் பிடிய அமுக்கிக்கிட்டு வந்தாரு தாயி. வெரலெல்லாம் வெள்ளவெளேர்னு இருந்துச்சு, மாவுல தொட்டாப்புல. பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தாரு. என்னப் பாத்தாரு. ஒதுங்குன்னு சொல்ற மாரி தலைய இப்பிடி ஆட்டுனாரு. நான் ஒதுங்கிட்டேன். அப்புறம் போயிட்டாரு.”

இதைப் போலீஸிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவங்க கத்துனாரா கத்தலயான்னுதான் கேட்டாங்க. கையப் பத்தி யாரு கேட்டா?” என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த விரல்களையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிரேக்கைப் பிடித்திருந்தால் வண்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அவர் பிடித்தது பிரேக்கை இல்லை, வெறும் கைப்பிடியை. பயத்தில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். முடிவு செய்துவிட்டு, கடைசி நேரத்தில் பயந்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் புரிகிறது. இதை அறிந்து எனக்கு என்ன ஆறுதல் வரும் என்று என்னை அங்கே அனுப்பினாய்?

வீட்டுக்கு வந்ததும் அவர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த ஆணியை மட்டும் பிடுங்க முடியவில்லை.

உனக்கு ஏதாவது தெரிந்திருந்தால் எழுது. தெரியாவிட்டால் என்னை விட்டுவிடு.

ஃப்ளோரா


விருத்தாசலம்
30.9.2002

ஃப்ளோரா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. படித்து முடித்ததும் நீ என்னை அண்ணன் என்று கூப்பிடுவாயா என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை சாக வேண்டும் என்று போகவில்லை. அவர் பிரேக்கைத்தான் பிடித்தார். மலை உச்சியிலிருந்து பதினோராம் வளைவு வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பிரேக் நிற்கவில்லை. அதை நிற்காமல் செய்தவன் நான்.

சைக்கிள் வந்த முதல் நாளே பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். நாலு கட்டையும் கண்ணாடி மாதிரி பளபளவென்று கருகியிருந்தது. ரிம் இரண்டு பக்கமும் கறுப்பாக ரப்பர் ஒட்டியிருந்தது. ரொம்ப நேரம் விடாமல் பிடித்தால்தான் கட்டை அப்படி ஆகும். சைக்கிள் கடைக்காரனுக்கு அது தெரியாதா? தெரிந்தும் உனக்கு எழுதவில்லை. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். என் கை வேலையில் குறை இருக்காது என்று எனக்கு அவ்வளவு திமிர். திமிர் பாதி, பயம் பாதி.

ஆனால் எனக்கே ஒன்று புரியவில்லை. பிடி கல்லு மாதிரி இருக்கிறது, கட்டை ரிம்மில் நன்றாக உட்காருகிறது. பிறகு ஏன் நிற்கவில்லை? நீ வீராயி சொன்னதை எழுதியபிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை. சக்கரத்தைக் கோட்டமெடுத்து, புதுச் செயின் போட்டு, கட்டையை அரம் போட்டுத் தேய்த்துக் கருகலை எடுத்தேன். பிடியை மட்டும் தொடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று எப்படிக் கொடுத்தேனோ அப்படியே ஆக்கினேன். இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் இறக்கத்துக்கு எங்கே போவது? இருபத்தி ரெண்டு வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட நான் இறக்கத்தில் விட்டுப் பார்த்ததில்லை ஃப்ளோரா. கடை வாசலில் நின்று பிடியை அமுக்குவேன். கெட்டியாக இருந்தால் பிரேக் நல்லது, தொளதொளவென்றால் கெட்டது. கம்பி பிரேக் போட்ட நம் ஊர்ச் சைக்கிளுக்கு அது சரிதான். அதைத்தான் இதற்கும் பார்த்தேன்.

கம்மாபுரத்தில் கொளஞ்சியப்பன் என்று என் கூட்டாளி இருக்கிறானே, உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன். அவன் ஊர்ப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலை மாதிரி மேடு நிற்கிறது. சைக்கிளை அவனுடைய டிவிஎஸ்ஸில் குறுக்காக வைத்துக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெண்டு பேரும் போனோம். லாரி ஏறுகிற பாதையில் மேலே தள்ளிக்கொண்டு ஏறினேன். “எங்க கொல்ல இதுக்கு அடியிலதான் கெடக்குது. பாத்து எறங்குய்யா, அத வேற நசுக்கிப்புடாத” என்றான். சுரங்கத்துக்கு நிலம் போன மனுஷனுக்கு அதைச் சொல்லிச் சிரிக்கத் தெரிகிறது.

இறங்கினேன். இருபது முப்பது அடி போனதும் வேகம் எடுத்தது. பிடித்தேன். பிடி கல்லாக நின்றது. சக்கரம் நிற்கவில்லை. இன்னும் அமுக்கினேன். கையில் கெட்டியாக இருக்கிறது, வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. பிடி தளர்ந்தால் பிரேக் போச்சு என்று தெரிந்துகொண்டு குதிக்கலாம். இது தளரவே இல்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் நின்றுவிடும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையை நம்ப வைக்கிறது. என் விரலைப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. கத்துவதற்கு வாய் வரவில்லை. உடம்பு மொத்தமும் கைக்குப் போய்விடுகிறது, வாய்க்கு எதுவும் மிச்சமில்லை. அந்த நேரத்தில் எனக்கு முன்னால் மாப்பிள்ளை இருந்தார் ஃப்ளோரா. பேயைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அவர் கைதான் என் கை, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. கீழே வேலிக்காத்தான் முள்ளுக்குள் போய் விழுந்தேன். கொளஞ்சியப்பன் ஓடிவந்து என்னைத் தூக்கவில்லை, முதலில் நான் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் பாண்டிச்சேரிக்குப் போனேன். பிடி வாங்கின கடை நடராசனிடம் சைக்கிளைக் காட்டினேன். ரிம்முக்கு மேலே கட்டையைத் தாங்குகிற இரும்புக் கையைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னான்: “அண்ணே, இது நெட்டக் கை பிரேக்குக்கு உள்ள பிடி. ஒங்க வண்டியில இருக்கறது குட்டக் கை. இத அதுக்குப் போட்டா கையில கல்லு மாரி இருக்கும், ரிம்முல ஒண்ணும் இருக்காது. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே?”

நான் கேட்கவில்லை. ஒயர் போகிற ஓட்டை ஒன்றுதான், மாட்டுகிற தண்டு ஒரே கனம்தான், பிடி என்றால் பிடிதானே என்று போட்டுவிட்டேன். கடப்பாரையால் கல் பெயர்ப்பது போலத்தான் இதுவும். கல்லுக்குக் கிட்டத்தில் முட்டுக் கொடுத்தால் கல் பெயரும். தள்ளிக் கொடுத்தால் நம் கைதான் பெயரும். பழைய பிடியையும் புதுப் பிடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒயர் மாட்டுகிற இடம் ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை. அந்த வித்தியாசத்தில் போய்விட்டார்.

நடராசன் சரியான பிடி ஒரு ஜோடி கொடுத்தான். அதை மாட்டிக்கொண்டு நேற்று மறுபடி கம்மாபுரம் போனேன். அதே மேடு, அதே கட்டை. இந்தப் பிடி கையில் மெத்தென்று இருந்தது. கடை வாசலில் பார்த்திருந்தால் கெட்ட பிரேக் என்று தூக்கிப் போட்டிருப்பேன். பாதி இறக்கத்தில் ரெண்டே விரலால் பிடித்தேன். நின்றது ஃப்ளோரா. பாதியிலேயே நின்றது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் பொய். மாப்பிள்ளை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் ஒரு கார்டு போட்டார். அதை இதோடு வைத்திருக்கிறேன். கார்டு கிடைத்த அன்றே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் வேலை பார்த்த தோட்டத்து ஆபீஸுக்குப் போன் போட்டு அவரிடம் பேசினேன். “புதுக் கட்ட மாப்ள, தேஞ்சு பழகுனா சரியாயிடும்” என்றேன். என்னை நம்பினார். அவர் செத்த அன்றைக்கு, இழவு வூட்டில், உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதே எனக்கு அந்தக் கார்டு ஞாபகம் வந்தது. ஏழு மாசமாக அதை என் பைபிளுக்குள் வைத்திருந்தேன். பைபிளைத் திறப்பதை நிறுத்திவிட்டேன்.

கார்டு உன்னுடையது. படி.

நீ சொன்ன வார்த்தையால் அவர் சாகவில்லை. எத்தனை கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். நான் சொன்ன வார்த்தையால் செத்தார்.

அத்தையிடம் நேற்று சாயங்காலம் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, “அவளுக்கு எழுதிட்டியா?” என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றேன். “மொதல்ல அத செய்யி” என்றார்கள்.

ஜெரோம்


(இதனுள் வைத்திருந்த தபால் கார்டு)

ஏற்காடு
20.1.2002

அன்பு மச்சான்,

நீங்க போட்ட பிரேக்கு பார்க்க ஜோர். ஆனா ஏரி ரோட்டு இறக்கத்துல கொஞ்சம் வழுக்குது, சீக்கிரம் நிக்க மாட்டேங்குது. கட்டை பழகணுமா, நான் ஏதாவது பண்ணணுமா? எழுதுங்க. ஈஸ்டருக்கு நாங்க ரெண்டு பேரும் வரோம். அதுக்குள்ள இதுக்கு உட்கார்ற மாதிரி ஒரு கேரியர் பார்த்து வைங்க. ஃப்ளோராவை பின்னாடி உட்கார வெச்சு ஏரியை ஒரு சுத்து சுத்தணும்னு ஆசை. அவகிட்ட சொல்லிடாதீங்க, சிரிப்பா.

உங்கள் வளன்


ஏற்காடு
19.10.2002

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்து பதினைந்து நாள் ஆகிறது. நடுவில் நீ போட்ட இரண்டு கார்டும் வந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் உடம்பு இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் வகுப்பில் தனியாக உட்கார்ந்து படித்தேன். முதலில் உன் மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் காகிதம் தாங்காது. முதல் நாளே கட்டையைப் பார்த்தாயே, பார்த்துவிட்டு ‘ஒரு குறையும் இல்லை’ என்று எழுத எப்படிக் கை வந்தது? பிடியைத் தப்பாகப் போட்டது தெரியாமல் செய்தது. அதை நான் என்றைக்காவது தாங்கிக்கொள்வேன். ஆகஸ்ட் பதினாறாம் தேதிக் கடிதம் தெரிந்து செய்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அவரை நான் முழுசாக வெறுத்தேன். அதற்குப் பிறகு நான் அவரைத் திட்டிய திட்டுக்கெல்லாம் யார் பொறுப்பு?

பிறகு கார்டைப் படித்தேன். அவர் கையெழுத்து. மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே வந்து, “மிஸ், மிஸ்” என்று கூப்பிட்டது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் அழுதேன். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மேசையில் தலை வைத்து அழுதேன். எட்டு மாதமாக அழுதிருக்கிறேன், அதெல்லாம் எனக்காக, நான் சொன்ன வார்த்தைக்காக, அவர் மேலிருந்த கோபத்துக்காக. அவர் போய்விட்டாரே என்று அவருக்காக அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை.

வீராயியிடம் போய்ச் சொன்னேன். அவர் நிறுத்தத்தான் பார்த்தார் என்று. “அதான் நானும் சொன்னேனே தாயி” என்றாள். அவள் சொல்லத்தான் செய்தாள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அத்தையை அழைத்துக்கொண்டு வா. நீ வந்தால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்று எனக்குத் தெரியாது. முகம் கொடுத்துப் பேசாமல் போனாலும் போவேன். இருந்தாலும் வா. எனக்கு எழுதியதை அவர் கல்லறைக்கு முன்னால் நின்று உன் வாயால் அவரிடமும் சொல்.

அவரை எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் கேட்கக்கூட மாட்டார். “அட வுடு மச்சான்” என்று தோளில் தட்டி உன்னை டீ குடிக்க அழைத்துக்கொண்டு போயிருப்பார்.

நான் அவரில்லை அண்ணே. எனக்கு நாளாகும்.

ஃப்ளோரா